இறங்கக் கூடாத படித்துறை

ஈப்போவில் நான் வளர்ந்த வீட்டுக்குப் பின்னால், ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள் உண்டு. மழை நிரம்பிப் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும். கிட்டே போனால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா மிரட்டி வைத்திருந்தார். பிற்பாடு அவற்றில் சிலவற்றைச் சுற்றிப் புல் போட்டு, மரம் வைத்து, நடைபாதை அமைத்துப் பூங்காவாக்கினார்கள். அந்த வேலையில் சேர்ந்த நான் இன்றுவரை அதிலேயே இருக்கிறேன். மூடிப்போன ஆலை எதைக் காட்டினாலும், இதில் எங்கே நிழல் விழும், எங்கே தண்ணீர் நிற்கும் என்றுதான் என் புத்தி போகும்.

கல்லூரியில் என்னோடு படித்த நளினி சென்னையிலிருந்து கூப்பிட்டாள். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பழைய கம்பி மில்லைப் பொதுப் பூங்காவாக மாற்றும் வேலையை முடித்திருக்கிறாளாம். அடுத்த வாரம் திறப்பு விழா. "எல்லாரும் நல்லா இருக்குன்னு மட்டும்தான்டா சொல்றாங்க. அதான் பயமா இருக்கு. நீ வந்து ஒரு தடவ பாரு" என்றாள். நளினி பயம் என்ற சொல்லைச் சுலபத்தில் எடுப்பவள் அல்ல. கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். ஜன்னல் காற்று முகத்தில் பட்டதும் தூக்கம் அமுக்கிவிட்டது. கண் விழித்தபோது கும்மிடிப்பூண்டி பின்னால் போயிருந்தது. எதிரில் இருந்தவர் என்னை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தாராம். அவருடைய யோசனை முடிவதற்குள் எளாவூர் வந்துவிட்டது.

எளாவூர் என்றால் லாரி. ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடிக்காகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ரோட்டோரக் கடையில் இட்லியும் வடகறியும் கிடைத்தன. வடகறியை எங்கள் ஊரில் யாரும் இந்த மாதிரி செய்வதில்லை. மசாலாவில் ஊறிய பருப்பு உதிர்ந்தும் உதிராமலும் இருந்தது. கடைக்காரர், "இன்னும் ரெண்டு வெச்சுக்கோ நைனா" என்று கேட்காமலே போட்டார். அந்தப் பயணத்தில் நான் கவலையில்லாமல் சாப்பிட்ட நாஷ்டா அது ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஓட்டுநர் பெயர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு புறங்கைகளிலும் வெளுத்த தழும்புகள். எனக்கு எதிரே மஞ்சள் புடவை கட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள் சுற்றிய புதுப் பித்தளைக் குடம். வண்டி குலுங்கும்போதெல்லாம் தன்னை விட்டுவிட்டுக் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏழுமலையின் மனைவி தனலட்சுமி என்பதும், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள் என்பதும் வழியில் தெரிந்தது.

ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காலனி அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். கரகம் தூக்கப் போவது தனலட்சுமி. பூங்காவுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அது எங்க தாங்கல் சார். மில்லு கட்டறப்ப தூத்துட்டாங்க. இப்பதான் பார்க்குல திரும்ப தோண்டி தண்ணி உட்டுக்கீறாங்க. ஊர்க் கொளத்துல எங்கள எறங்க உட மாட்டாங்க. எங்க மாமியா காலத்துலர்ந்து அடிபைப்புலதான் கரகம் ஜோடிச்சிக்கினு கீறோம். இந்த வருசம் எங்க தாங்கல்லியே எறங்கி மொள்ளப் போறோம்."

தாங்கல் என்றால் இந்தப் பக்கத்தில் சின்ன ஏரி. நல்லதுதான் என்று தலையாட்டினேன். எங்கள் ஈப்போ கோயிலிலும் ஆடிக்குக் கரகம் உண்டு. தண்ணீர் கோயிலுக்குப் பின்னால் உள்ள குழாயில் பிடிப்போம். அதைச் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். சொல்லவில்லை.

நளினி வாசலில் நின்றிருந்தாள். முடி நரைத்திருந்தது, நடை மட்டும் அதே வேகம். பூங்காவைச் சுற்றிக் காட்டினாள். பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புகைபோக்கியை இடிக்காமல் விட்டு அதன் காலடியில் வட்டமாக மேடை போட்டிருந்தாள். கிரேன் ஓடிய இரும்புத் தூண்களின் மேல் கொடி ஏற்றி நிழல் நடையாக்கியிருந்தாள். கம்பிச் சுருள்களை இழுத்துப்போன தண்டவாளம் நடைபாதையின் நடுவில் அப்படியே ஓடியது. புங்கமும் பூவரசும் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. பின்பக்கம் புல் போர்த்திய ஒரு பெரிய மேடு, அதன் கீழே நாணல் பாத்திகள், அதற்கும் கீழே குளம்.

குளத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. மூன்று பக்கம் கோரை. நான்காவது பக்கம் கருங்கல் படித்துறை, நம் கோயில் குளங்களில் இருப்பதைப் போலவே. தண்ணீர் அவ்வளவு தெளிவு. கடைசிப் படிக்குக் கீழே கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. பாசி இல்லை. தலைப்பிரட்டை இல்லை. தண்ணீரின் மேல் ஓடும் பூச்சி ஒன்றுகூட இல்லை. அப்பாவின் மிரட்டல் ஞாபகம் வந்தது.

புல் பதித்துக்கொண்டிருந்த இரண்டு வடநாட்டு ஆட்கள் படியருகே ஏதோ பேசினார்கள். இளையவன் மண் கையைக் கழுவக் குனிந்தான். மற்றவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நளினிக்கு இந்தி நன்றாக வரும். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "'அதுல கை வைக்காத, போன வாரம் எனக்குத் தோல் உரிஞ்சுது'ங்கறான்" என்றாள்.

பிறகு அவளே விளக்கினாள். மில்லில் கம்பியை ஆசிடில் முக்கி எடுப்பார்கள். பயன்படுத்திய ஆசிடை வருடக்கணக்காகப் பின்பக்கத்தில் கொட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு போக இடமும் இல்லை, வழியும் இல்லை. அதனால் ஒரே மேடாகக் குவித்துக் களிமண்ணால் மூடியாயிற்று. அதிலிருந்து கசிவது நாணலில் வடிந்து குளத்தில் சேரும். வெளியே ஒரு சொட்டு போகாமல் அடியில் விரிப்பு போட்டிருக்கிறது. நாணல் தன் வேலையைச் செய்து தண்ணீர் தேறுவதற்குப் பல வருடம் ஆகும்.

"சுத்தி முள்ளுச்செடி வேலி நெருக்கமா வைக்கிறதாத்தான் வரைஞ்சேன். படித்துறை கட்டினா நம்ம ஊர் மாதிரி இருக்கும், போட்டோல நல்லா வரும்னு திருவள்ளூர் ஆபீஸ்ல கேட்டாங்க. முடியாதுன்னா மொத்த நிலத்தையும் குடோனுக்குக் குடுத்துடுவாங்களோன்னு பயந்து ஒத்துக்கிட்டேன். சும்மா பாக்கத்தானேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் ஆட்டோவில் கேட்டதைச் சொன்னேன். கரகம், ஞாயிற்றுக்கிழமை, இறங்கி மொள்ளப்போவது. சொல்லி முடிப்பதற்குள் அவள் படியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். படி கட்டினால் தமிழன் இறங்குவான். கல்லூரியில் யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயமும் அல்ல.

வெள்ளிக்கிழமை காலை காலனிக்குப் போனோம். பூங்காவின் பின்சுவரை ஒட்டியே இரண்டு தெரு. ஒரு முனையில் அம்மன் கோயில், மறுமுனையில் மேரி மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கெபி. நளினி வழியெல்லாம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

தனலட்சுமி வீட்டு வாசலில் பெரிய அண்டாக்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஸ்டீபன், தண்ணீர் கேன் போடுகிறவர், தலை முழுக்க நரை, தன் டெம்போவிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். காலனியில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தானாம். போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பாத்திரம் சிவந்துபோகும். கூழுக்கான தண்ணீரை ஸ்டீபன் தன் பங்காகக் கொடுக்கிறார். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு அரைத்துக் கொடுப்பது தனலட்சுமி வீட்டாராம்.

கூழ் கேன் தண்ணீரில்தான் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். கரகம் ஊர்வலமாக வந்து கோயிலில் இறங்கியதும், அதிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து ஒவ்வொரு அண்டாவிலும் ஊற்றுவார்களாம். அப்போதுதான் அம்மன் வந்து கூழில் கலந்ததாகக் கணக்கு. மிச்சம் தீர்த்தம், முதலில் குழந்தைகள் வாயில் விடுவார்கள். அண்டாவைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

தனலட்சுமி எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவள் விரதம், பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. நளினியின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மில்லுக்காரன் எடுத்துக்கொண்டதை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று தெருவே கேட்கச் சொன்னாள். பெண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நளினி வாயைத் திறந்தாள். வந்தது, "மோர் நல்லா இருக்கு."

திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் வாயும் மோர் குடிக்கத்தான் திறந்தது.

வெளியே வந்து ஏழுமலையிடம்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் அந்த மில்லில் ஆசிட் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தவர். கைத் தழும்பு அங்கே வாங்கியது. மில்லை மூடிய பிறகுதான் ஆட்டோ. நளினி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டியரிங் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொல்லிக்கிறேன் மேடம். நீங்க சொன்னா பேஜாராய்டும்" என்றார். எங்கள் தோளிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. அவ்வளவு சுலபமாக இறங்கியதே தப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை திருவள்ளூர். குளத்தருகே எச்சரிக்கைப் பலகை வைக்கவும் வேலி போடவும் அனுமதி வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டை ஓரத்துக் கடையில் பொங்கல் வாங்கினோம். இருவருமே பாதியில் வைத்துவிட்டோம். பக்கத்துப் பட்டறை ஒன்றில் தகட்டை அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. நளினி அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடுவதைப் போல மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விழா வேலைக்காகச் சனிக்கிழமையும் திறந்திருந்த அலுவலகத்தில் எங்களைக் கூப்பிடவே சாயங்காலம் ஆயிற்று. அதிகாரி மரியாதையானவர். காபி வரவழைத்தார். திறப்பு விழாவுக்கு முன்னால் பலகை வைத்தால் பத்திரிகைக்காரர்கள் முதலில் பலகையைத்தான் படம் பிடிப்பார்கள் என்றார். விழா முடியட்டும், மறுநாளே வேலி போட்டுவிடலாம். நளினி கரகத்தைச் சொன்னாள். ஒரு குடம் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று கேட்டார். அந்தக் குடத்தை நீங்கள் குடிப்பீர்களா என்று நளினி கேட்டாள். அவர் காபியைத் தள்ளி வைத்தார். கடைசியில், வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டி இரண்டு போலீஸ்காரரை நிறுத்துகிறேன் என்றார்.

நளினி எழுந்துவிட்டாள். ஊர்க் குளத்தில் இறங்கவிடாதவர்களை அவர்களுடைய தாங்கலுக்கு முன்னாலும் போலீஸ் வைத்துத் தடுத்தால் அங்கே என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கே தெரிந்தது. ஈப்போவில் பூங்காக் குட்டைகளைச் சுற்றி நான்கு மொழியில் பலகை வைத்திருக்கிறோம். அதைக் கேலி செய்து நான் பேசியிருக்கிறேன். இனிமேல் பேச மாட்டேன்.

ராத்திரி திருவள்ளூர் லாட்ஜிலிருந்து நளினி ஏழுமலைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் கேட்டது. சொல்லியாயிற்றா என்று கேட்டாள்.

"காப்பு கட்டிக்கினு வெறதத்துல கீறா மேடம். அந்தக் கொடத்த நாலு தபா தேய்ச்சி வெச்சிக்கிறா. எப்டி மேடம் சொல்றது?"

நாளைக் காலை நாங்களே வருகிறோம், அதுவரை யாரையும் இறங்கவிடாதீர்கள் என்று நளினி சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி போட்டால் அணைத்து வைத்திருப்பதாகக் குரல் வந்தது. நளினி கட்டிலில் உட்கார்ந்து, இவ்வளவு வருடத்தில் நான் கேட்டிராத வசவு ஒன்றைத் தன்னையே பார்த்துச் சொன்னாள்.

ஞாயிறு வெளுக்கும்போதே நளினியின் காரில் கிளம்பினோம். நேரம் தாராளமாக இருந்தது. நாங்கள் மறந்துபோனது வழியில் உள்ள பெரியபாளையத்து அம்மன் கோயிலை. ஆடி ஞாயிறு என்றால் அந்த வழியெல்லாம் அம்மன் கூட்டம் என்பது சென்னைக்காரியான அவளுக்குத் தெரியாதா? தெரியும். பதற்றத்தில் தோன்றவில்லை. டிராக்டர், மினி லாரி, வேன், எல்லாவற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள், ஆடு, அடுப்பு, பாத்திரம். உடம்பில் வேப்பிலை மட்டும் கட்டி ஈரத்தோடு நடந்து போகிறவர்கள். எங்கள் கார் அவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

முன்னால் இருந்த வேனில் ஒரு குடும்பம் தெலுங்கில் சத்தமாகச் சண்டை போட்டது. மொட்டையடிக்க வேண்டிய குழந்தையின் மாமனை வழியிலேயே எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். நளினி மொழிபெயர்த்தாள், பழக்க தோஷம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பத்து அடி நகர்ந்தால் பெரிது. போன் எடுபடவில்லை. வேப்பிலை வாசம் காருக்குள் நிறைந்தது. அந்த வாசத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பித்தளைக் குடமும் அதைப் பிடித்திருந்த கையும்தான்.

ஒரு கட்டத்தில் நளினி காரை ஓரங்கட்டிச் சாவியை என்னிடம் போட்டாள். எதிர்த் திசையில் வந்த பால் வண்டிக்காரரை நிறுத்தி, கெஞ்சி, வண்டியைத் திருப்பவைத்து, அவர் பைக்கின் பின்னால் ஏறினாள். நானும் விடவில்லை, இன்னொரு ஆளைப் பிடித்தேன். வயல் வரப்பு ஓரம், செங்கல் சூளைப் பாதை, எங்கெங்கோ வளைத்து ஓட்டினார். நாற்று நட்ட வயலும் கம்பெனிச் சுவரும் மாறி மாறி வந்தன. பூங்காவின் புகைபோக்கி தெரிந்தபோது பம்பைச் சத்தமும் கேட்டது. ஊர்வலம் எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

கேட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். நிழல் நடை முழுக்கக் கூட்டம். தண்டவாளத்தின் மேல் குழந்தைகள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். தனலட்சுமி குடத்தோடு படி இறங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், கண் பாதி மூடியிருந்தது. தண்ணீருக்கு மேலே இரண்டு படி மிச்சம். நளினி செருப்பை எங்கே விட்டாளோ தெரியாது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றாள். பம்பை நின்றது.

"இந்தத் தண்ணி வேணாம் தனம்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "இது உங்க தாங்கல் இல்ல. மில்லோட ஆசிட் கசிஞ்சு வந்து சேர்ற தொட்டி. இதுல கை வைக்கக் கூடாது. கொழந்தைங்க வாயில படவே கூடாது. நான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்."

மேல் படியிலிருந்து ஒருவன், இதைச் சொல்லச் சொல்லி ஊர்க்காரர்கள் அனுப்பினார்களா என்று கேட்டான். கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பேர் படி இறங்கினார்கள். நானும் போய் நளினி பக்கத்தில் நின்றேன். ஏதோ பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம். நிற்பதற்கு வேறு இடம் தெரியவில்லை.

ஏழுமலை கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். மனைவியைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்தார்.

"மேடம் சொல்றது நெசந்தான். எனக்கு முந்தாநாளே தெரியும். திரும்பவும் அடிபைப்புக்கே போலாம்னு உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

தனலட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி நளினியைப் பார்த்தாள். கரகம் தூக்குகிறவளுக்கு அன்று மேடமும் இல்லை, சாரும் இல்லை.

"எறங்கக் கூடாதுன்னா படி எதுக்குக் கட்டுன?"

நளினியிடம் பதில் இருந்தது. அலுவலகம், குடோன், போட்டோ என்று என்னிடம் சொன்னதெல்லாம் இருந்தது. அவள் எதையும் எடுக்கவில்லை. "கட்டியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னாள்.

தனலட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவளுக்கு எதிரே அத்தனை தெளிவாக, அத்தனை அழகாகக் கிடந்தது. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை. குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சிலர், அடிபைப்புக்கே போய்விடலாம், நேரமாகிறது என்றார்கள். அவள் அசையவில்லை. பம்பைக்காரர் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

கடைசியில் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"ஸ்டீபன் அண்ணா, வண்டில கேன் கீதா?"

கேட்டில் நின்ற தன் டெம்போவுக்கு ஸ்டீபன் ஓடினார். அந்த மனிதர் அந்த வயதில் ஓடியதை நான் மறக்க மாட்டேன். ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேல் படியில் இறக்கினார். மூடியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டு ஒதுங்கி நின்றார். தனலட்சுமி மேலே ஏறி வந்து குடத்தை நீட்டினாள். ஏழுமலை கேனைச் சாய்த்தார். குடம் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆத்தாளுக்கும் கேன் தண்ணிதானா" என்றாள் அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் கோயில் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் அடிபைப்புக்கும் எங்கள் குழாய்க்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது. எங்களிடமிருந்து யாரும் குளத்தைப் பிடுங்கவில்லை.

அங்கேயே, மேல் படியிலேயே, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கரகத்தை ஜோடித்தார்கள். அடிபைப்புக்குப் போவதற்கு அவள் சம்மதிக்கவே இல்லை. தலைக்கு ஏற்றியதும் நளினியைக் கிட்டே கூப்பிட்டு, இந்தத் தண்ணீர் எப்போது தேறும் என்று கேட்டாள். பல வருடம் ஆகும், எத்தனை என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் நளினி. பொய் சொல்வாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"அது வரிக்கும் கரகம் இங்கதான். ஒவ்வொரு ஆடிக்கும் நீ வா. வந்து, எறங்கலாமா கூடாதான்னு எங்க மூஞ்சியப் பாத்து சொல்லு."

வருகிறேன் என்று நளினி தலையாட்டினாள். பம்பை மறுபடி ஆரம்பித்தது.

கூழ் எங்களுக்கும் கிடைத்தது. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தொட்டுக்கொள்ள. யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. குழந்தைகள் தீர்த்தத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். தனலட்சுமி ஒவ்வொரு வாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நளினி அதிகாரிக்குப் போன் செய்து, எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பலகை இதை எழுதும்வரை வரவில்லை.

காரை விட்ட இடத்துக்கு ஏழுமலைதான் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கிளம்புமுன் குளத்தடிக்குப் போனோம். காலனி ஆட்கள் ரோட்டோர வேலிகாத்தான் முள்ளை வெட்டி இழுத்து வந்து, தண்ணீரை ஒட்டிய படிகளில் குறுக்கே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நளினி முதலில் வரைந்திருந்த வேலி ஏறக்குறைய அதேதான். முழங்கை கிழிந்து ரத்தம் வர, அவளும் ஒரு கிளையை இழுத்துப் போட்டாள். ஒருவர் அடுக்கிக்கொண்டே மேல் படிவரை வந்துவிட்டார்.

கூழ்ச் சொம்போடு வந்த தனலட்சுமி அவரைத் தடுத்தாள்.

"மேல் படிய உடுண்ணா. அடுத்த ஆடிக்கு நிக்கணும்."